எல்லோரும் வந்தாயிற்றா?

ஆண்டாள் நாச்சியார் அருளிச்செய்த திருப்பாவையின் 30 பாசுரங்களுள், 6ஆம் பாசுரம் தொடங்கி 15ஆம் பாசுரம் வரையுள்ள பத்தும் தோழியர் வீட்டு வாசல்களிலேயே நிகழ்கின்றன. நந்தகோபனின் திருமாளிகையை அடைவதற்கு முன்பே, நோன்பின் மூன்றில் ஒரு பங்கு உறங்குபவளை எழுப்புவதிலும், எழ மறுப்பவளோடு வாதாடுவதிலும், அவள் வரும்வரை தலையில் பனி விழக் காத்து நிற்பதிலும் கழிந்துவிடுகிறது. மாணிக்கவாசகப் பெருமான் அருளிய திருவெம்பாவையும் இம்முறையையே பின்பற்றுகிறது. அதன் 20 பாடல்களுள் முதல் எட்டும் தோழியரைத் துயிலெழுப்பும் பாடல்களே.

முதலில் எழுந்தவர்கள் முதலில் சென்று கண்ணனைச் சேவித்திருக்கலாம். ஆவல் மிகுந்தவர்களுக்கு அதுவே இயல்பு. ஆயினும் அவ்வாறு ஒருத்தி தனித்துச் சென்றதாக எந்தப் பாசுரமும் கூறவில்லை. வைணவ உரையாசிரியர்கள் இதனை ஆழ்ந்து நோக்கியிருக்கின்றனர். பகவானை அடியார் குழாத்தோடு கூடியே அனுபவித்தல் வேண்டும் என்பது அவர்கள் காட்டும் பொருள். எழுப்பப்படும் தோழியரை ஆழ்வார்களாகவே கண்டு உரை கூறும் மரபும் உண்டு.

இவற்றுள் 15ஆம் பாசுரம் முழுவதும் உரையாடலாக அமைந்தது. உள்ளே இருப்பவள் எழுந்து வருமுன் ஒரு வினாவை எழுப்புகிறாள். எல்லோரும் வந்தாயிற்றா என்பதே அவ்வினா. வந்திருக்கிறோம், நீயே வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்று வெளியே நிற்பவர்கள் விடை தருகின்றனர். நோன்புக்குப் புறப்படும் கூட்டம் தன்னை எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளும் இடம் அது.

இதே வினா நாள்தோறும் காலையில் கேட்கப்படும் இடம் ஒன்று ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் உண்டு. அது தொடக்கப் பள்ளி. அங்கே பிள்ளைகளை எண்ணுவதற்கென்றே வருகைப் பதிவேடு என்ற ஏடு ஒன்று இருக்கிறது. கொடைக்கானல் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு மார்கழியில், பாசுரத்தின் வினாவும் பதிவேட்டின் வினாவும் ஒன்றாகவே வந்து நின்றன.

வெயிலைத் தேடும் வகுப்பு

திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டை வட்டாரம் பூச்சாகுபடிக்குப் பேர்பெற்றது. மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் சம்பங்கியும் செவ்வந்தியும் அங்கிருந்து விடியுமுன் சந்தைக்குச் செல்கின்றன. அச்சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள். தலைமையாசிரியை அவ்வூரிலேயே குடியிருப்பவர். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்தவர்.

மார்கழி பிறந்ததும் அப்பள்ளியின் நடைமுறை மாறிவிடும். மற்ற மாதங்களில் வேப்பமரத்து நிழலில் நடக்கும் காலை வழிபாட்டுக் கூட்டம், மார்கழியில் கிழக்குச் சுவரோரத்து வெயிலுக்கு இடம் மாறும். முதல் பாடவேளையும் அங்கேயே நடக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அண்ணன்மாரிடமிருந்து இறங்கி வந்த, கை நீண்ட ஸ்வெட்டர்களுக்குள் ஒடுங்கி அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். நிழல் நகர நகர வகுப்பும் நகரும். தலைமையாசிரியையின் மேசைமீது தேங்காய் எண்ணெய்ச் சீசா ஒன்று இருக்கும். இரவுக் குளிரில் உறைந்துபோகும் எண்ணெயைக் காலை வெயிலில் உருக வைத்து, பனிவெடிப்பால் எரியும் கன்னங்களுக்கும் உதடுகளுக்கும் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் தடவிவிடுவார்கள். சளி பிடித்தவனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் தன் மஃப்ளரை அவிழ்த்துத் தருவதும், மறுநாள் அவனுக்கே சளி பிடிப்பதும் ஆண்டுதோறும் நிகழ்வனவே.

கோலமும் அம்மாதத்தில் ஒரு பாடம். சாணம் தெளித்த முற்றத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புள்ளி வைப்பார்கள். நடுவில் ஏழு புள்ளிகளில் தொடங்கி இருபுறமும் நான்கில் முடியும் இடுக்குப்புள்ளிக் கோலத்துக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்பார். பலர் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவார்கள். அவ்வாண்டு ஐந்தாம் வகுப்பில் படித்த சிறுமி ஒருத்தி மட்டும் எண்ணவில்லை. ஆறும் ஐந்தும் நான்கும் பதினைந்து, அதன் இருமடங்கு முப்பது, நடுவரிசையின் ஏழைக் கூட்டினால் 37 என்று நின்ற இடத்திலிருந்தே கூறினாள். அவள் குரலும் இனியது. ஊர்ப் பெருமாள் கோயிலில் மார்கழி விடியலில் பாசுரம் பாடும் பிள்ளைகளுள், முதல் அடியை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு முந்தைய ஆண்டில் அவளுடையதாக இருந்தது.

அவ்வாண்டு மார்கழியின் முதல் வாரத்தில் அவள் கோயிலுக்கு வரவில்லை. பள்ளிக்கும் ஒருநாள் வந்தால் இருநாள் வரவில்லை. வந்த நாளிலும் வெயில் முதுகில் பட்டவுடன் சுவரில் சாய்ந்து உறங்கிவிடுவாள். அரையாண்டுத் தேர்வில் தமிழ்த் தேர்வை எழுதினாள்; கணக்குத் தேர்வன்று அவள் இடம் வெறுமையாக இருந்தது.

விடியுமுன் பறிப்பவை

மல்லிகை குளிரைத் தாங்காத செடி. பனி மிகும்போது அது மொட்டு வைப்பது குறைந்துவிடும். அதே மாதங்களில்தான் கோயில்களின் தேவையும் பொங்கல் திருநாளின் தேவையும் சேர்ந்து வருகின்றன. வரத்துக் குறைந்து தேவை மிகுவதால் சந்தையில் ஒரு கிலோ மல்லிகை சில ஆயிரம் ரூபாயைத் தொடும் நாட்களும் உண்டு. செய்தித்தாளில் அவ்விலையைக் காண்பவர்கள், பூப்பறிக்கும் குடும்பங்களுக்கு அது நல்ல காலம் என்று எண்ணக்கூடும். உண்மை வேறு.

அவ்வூரில் பறிப்பவருக்குக் கூலி எடைக்கு ஏற்பவே தரப்பட்டது. கோடையில் சில செடிகளிலேயே நிறைந்துவிடும் மடி, மார்கழியில் பாத்தி பாத்தியாக அலைந்தாலும் நிறைவதில்லை. மொட்டு விரிவதற்கு முன் பறித்தாக வேண்டுமாதலால் பொழுது விடியும்வரை காத்திருக்கவும் இயலாது. நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த செடிகளுக்கிடையே குனிந்து பறித்தல் வேண்டும். உழைக்கும் நேரம் கூடுகிறது, எடை குறைகிறது, கூலியும் அதனோடு குறைகிறது. அக்குறையை ஈடுசெய்ய ஒரு தாய்க்கு எளிதில் கிடைப்பது இன்னொரு சோடிக் கைகள். அவை பெரும்பாலும் வீட்டில் மூத்த பெண்ணின் கைகளாகவே இருக்கின்றன. சிறிய விரல்கள் மொட்டைக் கசக்காமல் பறிக்கும் என்ற பாராட்டும் அவற்றுக்கு உண்டு.

பாவை நோன்பு நோற்போர் விலக்குவனவற்றைக் கூறும் 2ஆம் பாசுரத்தில், நெய்யையும் பாலையும் விலக்குவதோடு, மலர் சூடுவதையும் விலக்குவதாக நாச்சியார் பாடுகிறார். அச்சிறுமியும் அம்மாதம் முழுவதும் மலர் சூடவில்லை. ஒவ்வொரு மொட்டும் எடைக்குரியது. அவள் பறித்த மல்லிகை சந்தை வழியே எங்கெங்கோ சென்றது. அதில் ஒரு பங்கு ஊர்ப் பெருமாளின் திருமார்பிலும் சாத்தப்பட்டது. கோயிலில் மார்கழி முழுவதும் மாலைக்கு மலர் தரும் உபயதாரர், அவள் பறித்த தோட்டத்தின் உரிமையாளரே.

ஒரு சிறுவனின் கேள்வி

அரையாண்டு விடுமுறை தொடங்கிய பின்பும் பிள்ளைகள் விடியலில் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. பாராயணம் முடிந்து பிரசாதம் வழங்கும்வரை, தலைமையாசிரியை மண்டபத் தூணருகே அமர்ந்து அன்றைய பாசுரத்தின் பொருளை அவர்களுக்குக் கூறுவது வழக்கம். துயிலெழுப்பும் பாசுரங்கள் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தோழியர் ஒவ்வொரு வீடாகச் சென்று எழுப்புவதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் குறுக்கிட்டான்.

"டீச்சர், எந்திரிக்காதவங்களை விட்டுட்டுப் போனா என்ன?"

"எல்லாரும் சேர்ந்து போனாத்தான் நோன்பு நிறையும். ஒருத்தரை விட்டுட்டுப் போனாலும் அது நிறையாது" என்றார் அவர்.

சிறுவன் சற்று நேரம் சிந்தித்தான். பின்னர், போன ஆண்டு முதல் அடி எடுத்துக் கொடுத்தவளைக் குறித்து, "அப்ப அந்த அக்காவை மட்டும் நாம ஏன் விட்டுட்டு வந்தோம்?" என்று கேட்டான்.

அவ்வினாவுக்கு அங்கு எவரும் விடை கூறவில்லை. தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே குறியிட்டு வந்திருந்தார். அவள் தாயிடம் இருமுறை சொல்லியும் அனுப்பியிருந்தார். கடமையில் குறை என்று எவரும் கூற முடியாது. எனினும் அவள் வீட்டு வாசலில் எவரும் போய் நிற்கவில்லை என்பதும் உண்மை.

மறுநாள் விடியுமுன், கோயிலுக்குச் செல்லும் வழியில் பிள்ளைகள் கூட்டமாக அவள் வீட்டுக்குச் சென்றார்கள். கையில் சிறு தாளமும் ஒரு விளக்கும் இருந்தன. வாசலில் நின்று, பாசுரத்தில் வருவதுபோலவே அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். வீடு பூட்டியிருந்தது. தாயும் மகளும் மூன்றரை மணிக்கே தோட்டத்துக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு மூதாட்டி கூறினார்.

திருப்பாவையில் உள்ளே இருப்பவள் உறங்குகிறாள். வெளியே இருப்பவர்கள் எழுப்புகிறார்கள். இங்கோ எழுப்பப்பட வேண்டியவள் எல்லோருக்கும் முன்பே எழுந்துவிட்டாள். உறக்கத்தில் இருந்தது ஊர்.

கூலியும் குளிரும்

அன்று முற்பகல் தலைமையாசிரியை தோட்டத்துக்குச் சென்றார். பறித்த பூவை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, வரப்பில் அமர்ந்திருந்த தாயைக் கண்டார். மகள் அவர் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் ஊறிய அவள் விரல்நுனிகள் சுருங்கி வெளுத்திருந்தன.

"நானா டீச்சர் அவளைப் பள்ளிக்கூடம் போக வேணாம்னு சொல்லுறேன்?" என்றார் அந்தத் தாய். "வெயில் காலத்துல ரெண்டு பாத்தியில கிடைக்கிற பூவு இப்ப பத்துப் பாத்தி சுத்தினாத்தான் கிடைக்குது. கூலி மட்டும் அதே கூலிதான். இவ கையும் சேர்ந்தாத்தான் வீட்டுல அடுப்பு எரியுது."

குழந்தைகளின் கல்வி உரிமையைப் பற்றிய சட்டத்தை அவருக்கு எடுத்துரைக்கத் தலைமையாசிரியை அங்கு வரவில்லை. உரைத்திருந்தாலும் அச்சட்டத்தால் அன்றைய எடை கூடியிருக்காது. ஆயினும் 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அச்சட்டம் ஊருக்கு ஒரு கருவியைத் தந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு என்பது அதன் பெயர். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பல ஊர்களில் அக்குழு கையெழுத்துக்காக மட்டும் கூடுகிறது. இவ்வூரில், விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், அது உண்மையாகவே கூடியது.

வந்திருந்த தாய்மாருள் பாதிப் பேர் பூப்பறிப்பவர்கள். பதிவேட்டைத் தலைமையாசிரியை அவர்கள்முன் திறந்து வைத்தார். அச்சிறுமியைத் தவிர இன்னும் நால்வர் அவ்வாறே வராதிருந்தமை அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே ஒரு குடும்பத்தின் குறையென்று அதுவரை கருதப்பட்டது, ஊரின் குறையாகத் தாளில் தெரிந்தது. பூவின் விலை ஏறும் மாதத்தில் பறிப்பவரின் கூலி மட்டும் ஏறாதிருப்பதே இதன் வேர் என்று ஒரு தாய் கூறினார். அதனை மறுத்துப் பேச ஒருவரும் இல்லை.

தோட்டக்காரரிடம் இதனை எவ்வாறு கூறுவது என்பதில்தான் தயக்கம் இருந்தது. அவர் கொடியவர் அல்லர். பக்தி மிகுந்தவர், வேலை தருபவர், ஊரில் மதிப்புள்ளவர். இறுதியில் கோயிலின் முதிய அர்ச்சகரே முன்வந்தார். காலைப் பூசை முடிந்து, துளசி தீர்த்தம் பெற்றுக்கொள்ள உபயதாரர் நின்றபோது, அவர் மெல்லக் கேட்டார்.

"பெரியாழ்வாருக்கு நாச்சியார் எங்கே கிடைச்சா, சொல்லுங்கோ."

"நந்தவனத்துல, துளசிச் செடி அடியில, சாமி."

"பூந்தோட்டத்துல கிடைச்ச குழந்தையை அவர் பூப்பறிக்க மட்டுமா வளர்த்தார்? பாடவும் கத்துக் கொடுத்தார். அதனாலதானே நமக்குத் திருப்பாவை கிடைச்சது. உங்க தோட்டத்துலயும் பாடுற குழந்தை ஒண்ணு இருக்கு."

உபயதாரர் அன்று விடை எதுவும் கூறவில்லை. இரண்டு நாட்கள் சென்றபின் பள்ளிக்கு வந்தார். மார்கழி, தை இரண்டு மாதங்களுக்கும் கிலோவுக்குரிய பறிகூலியை உயர்த்தித் தருவதாகவும், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் தம் தோட்டத்தில் இறங்கக் கூடாதென்று சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தார். பக்கத்துத் தோட்டத்தார் ஒருவர் இணங்கினார். இன்னொருவர், சந்தை நிலவரம் தமக்குத்தான் தெரியும் என்று கூறி மறுத்துவிட்டார். நால்வருள் ஒருத்தி அதனால் அந்த மாதம் முழுவதும் ஒழுங்காக வர இயலவில்லை. அவள் வீட்டுக்குப் பிள்ளைகள் இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரே வரிசையில்

திரும்பி வந்த சிறுமியைப் பள்ளி முதலில் வரவேற்றது சூடான உணவால். காலை எட்டேகால் மணிக்குச் சமையற்கூடத்தின் முன் தட்டுகளோடு வரிசை நிற்கும். பள்ளிப் பிள்ளைக்கு உணவிடும் வழக்கத்துக்குத் தமிழகத்தில் ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டு பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதனைத் தொடங்கியது. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுசென்றார். 1982 ஜூலை முதல் நாளன்று எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கின்றனர். புதன்கிழமை பொங்கலும் காய்கறிச் சாம்பாரும். மார்கழிப் பனியில் கைக்குள் வைத்த தட்டின் சூடு, பசியை ஆற்றுமுன் விரல்களை ஆற்றும்.

எனினும் அவ்வரிசையில் ஒருவன் நிற்பதில்லை. மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சம்படத்தோடு திண்ணையின் மறுகோடியில் அமர்வான். சமைப்பவர் இன்ன சாதியார் என்பதால், அங்கே உண்ணக் கூடாதென்று அவனுடைய பாட்டி கட்டளையிட்டிருந்தார். பிள்ளைகள் அவனைக் கேலி செய்யவில்லை. அவர்கள் பேசியபடி உண்பதை அவன் பார்த்துக்கொண்டே உண்பான். வருகைப் பதிவேட்டின்படி அவன் நாள்தோறும் பள்ளிக்கு வந்தவன். வந்தும் வராதவர்களை அவ்வேடு காட்டுவதில்லை.

மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லி. அணிகலன்களை அணிந்து, நோன்பு தொடங்கியபோது விலக்கிய நெய்யையும் பாலையும் சோற்றோடு கலந்து, எல்லோரும் கூடி உண்டு மகிழ்வதாக நாச்சியார் பாடும் பாசுரத்துக்குரிய நாள். நோன்பின் நிறைவு ஒரு பந்தியில் அமைவதை அன்று எண்ணிப் பார்த்தல் தகும். ஊர்ப் பெருமாளுக்கு அக்காரவடிசல் நிவேதனமாயிற்று. மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்தனர். காலை உணவு சமைக்கும் பெண்மணியின் மகளும், பாட்டியோடு வந்திருந்த அச்சிறுவனும் அருகருகே இலையின்முன் இருந்தனர். நெய் முழங்கை வரை வழிய இருவரும் உண்டனர்.

அவர்கள் உண்ணும்போது தலைமையாசிரியை, அவ்வட்டாரத்தார் எல்லோரும் அறிந்த அழகர்கோயில் வரலாற்றைக் கூறினார். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நாச்சியார் நாச்சியார் திருமொழியில் வேண்டிக்கொண்டார். அவர் காலத்தில் அது நிறைவேறவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இராமாநுசர், ஒரு பெண்ணின் நேர்த்தி நிறைவேறாமல் இருப்பதா என்று எண்ணி, அதனைத் தாமே அழகருக்குச் சமர்ப்பித்தார். பின்னர் அவர் திருவில்லிபுத்தூர் சென்றபோது நாச்சியார் அவரை அண்ணா என்று அழைத்து எதிர்கொண்டதாகக் குருபரம்பரை கூறுகிறது. தங்கையின் கடனை அண்ணன் அடைப்பதுபோல, ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முடித்தார்.

பாட்டி தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் கூறவில்லை. அடுத்து வந்த புதன்கிழமை, சம்படமில்லாமல் வந்த சிறுவன் வரிசையின் கடைசியில் தட்டோடு நின்றான். சமைத்த பெண்மணி அவனுக்கும் மற்றவர்க்கு இட்ட அளவே இட்டார். ஒருவரும் அதனைப் பெரிதாகப் பேசவில்லை.

பள்ளிப் பொங்கல்

கூடாரவல்லிக்கும் அந்தப் புதன்கிழமைக்கும் இடையே, பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாளில் பள்ளியிலும் பொங்கல் வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கைப்பிடி அரிசியும் ஒரு துண்டு வெல்லமும் கொண்டுவருதல் முறை. யாருடைய அரிசி எது என்று பானைக்குள் தெரியாது. இசுலாமியக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி ஏலக்காய் கொண்டுவந்தாள். தேவாலயத்துக்குச் செல்லும் குடும்பத்துச் சிறுவன் விறகு கொண்டுவந்தான். போகியன்று பழைய டயரையும் நெகிழிப் பையையும் கொளுத்த மாட்டோம் என்று பிள்ளைகள் வெயில் சுவரின்முன் நின்று கூறினார்கள். முற்றத்தில் 37 புள்ளிக் கோலம். அடுப்பைச் சுற்றிப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற தாய்மாருள், நான்கு பேர் அன்று விடியலில் பூப்பறித்துவிட்டு நேரே வந்தவர்கள்.

பாசுரம் ஒப்புவிக்கும் போட்டியில் அச்சிறுமிக்குப் பரிசு கிடைக்கவில்லை. மூன்று வாரப் பயிற்சியை இழந்திருந்த அவள், நடுவே இரண்டு பாசுரங்களில் தடுமாறினாள். தோழியர் கீழே அமர்ந்தபடி அடியை எடுத்துக் கொடுத்ததால் மதிப்பெண்ணும் குறைந்தது. அதற்காக அவர்கள் வருந்தியதாகத் தெரியவில்லை. விடுபட்ட கணக்குத் தேர்வைப் பள்ளி அவளுக்குத் தனியே வைத்தது. விடுபட்ட பாடங்களை, வெயில் சுவரோரத்தில், நான்காம் வகுப்புத் தோழி ஒருத்தியும் சேர்ந்து அமர்ந்து எழுதித் தந்தாள். தையில் அவள் ஒருநாள் மட்டுமே வரவில்லை. அன்று அவளுக்குக் காய்ச்சல். ஜூன் மாதம் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள்.

மார்கழியில் கோயில் செல்லும் குடும்பங்கள் அதிகாலை எழுகின்றன, நீராடுகின்றன, கோலமிடுகின்றன, பாசுரம் சேவிக்கின்றன. இவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். தத்தம் தெருவில் பள்ளிக்கு வராத பிள்ளை எது என்று ஒருமுறை கேட்டறியலாம். ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழு கூடும் நாளில் அங்குச் சென்று அமரலாம். பனிக்கு நடுங்கும் பிள்ளைக்கு, வீட்டில் சிறிதாகிப்போன ஸ்வெட்டரைத் துவைத்துக் கொடுக்கலாம். பூத்தோட்டம் உடையவர்கள் பறிப்பவரின் கூலியை இம்மாதத்திலேனும் எண்ணிப் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் முன், அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்று, பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும். உள்ளிருந்து விடை வரும்வரை காத்திருக்கும் பொறுமையையும் சேர்த்தே நாச்சியார் கற்பித்திருக்கிறார்.